டவுன்ஹில் ஜாக்கெட் வாங்குகிறீர்களா? முதுகுப் பேடை வெளியே எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

மலைச்சரிவில் சைக்கிள் இறக்குவதற்காக பாடி ஆர்மர், அதாவது அடி தாங்கும் மெத்தைகள் (பேடு) வைத்த ஜாக்கெட், வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். "சி.இ. லெவல் 2" (சி.இ., அதாவது CE, ஐரோப்பிய முத்திரை) என்று அட்டை தொங்கிய ஜாக்கெட்டை கோயம்புத்தூரில் ஒரு கடையில் 7,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அதன் முதுகுப் பகுதியில் பாதுகாப்பு என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. என் அத்தை மகன், எனக்குத் தம்பி, கோத்தகிரிப் பக்கம் பாறைச் சரிவில் விழுந்து அடிபட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. கடையின் பெயரை நான் எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

அன்று கடையில் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சை நீங்களும் கேட்கக்கூடும். "லெவல் டூங்ணா. இதுக்கு மேல லெவலே கிடையாது. பல்டி அடிச்சு விழுந்தாலும் எலும்புக்கு ஒண்ணும் ஆகாதுங்ணா." முதுகுக்கும் லெவல் 2 தானா என்று குறிப்பாகக் கேட்டோம். "முழு ஜாக்கெட்டுமே அப்படித்தாங்ணா" என்றார். உள்ளே இருக்கும் பேடைப் பார்க்கலாமா என்றதும் தோள்பட்டை ஜிப்பைத் திறந்து காட்டினார். அதில் முத்திரை இருந்தது, உண்மையான முத்திரைதான். முதுகுப் பக்கம் மட்டும் துணியோடு சேர்த்துத் தைத்திருந்தது. "அது கம்பெனி சீலுங்ணா, பிரிச்சா வாரண்டி போயிரும்." பொட்டலம் கட்டும்போது அட்டையைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டார். பில்லில் "ரைடிங் ஜாக்கெட் 1" என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. நல்லவேளையாக, கடையில் போட்டுப் பார்த்தபோது அட்டை தொங்க எடுத்த போட்டோ தம்பியின் போனில் இருந்தது.

விழுந்தது பெரிய வேகத்தில் கூட இல்லை. ஈரமான பாறையில் முன்சக்கரம் வழுக்கி, ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்பட்டு மல்லாந்து விழுந்தான். ஜாக்கெட் அக்குள் வரை சுருண்டு ஏறிவிட்டது. இடுப்புக்குச் சற்று மேலே கல் நேராகக் குத்தியது. முதுகெலும்பின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளில் இரண்டு முறிந்திருந்தன. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓய்வில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அத்தைக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதுகுப் பக்கத் தையலைப் பிரித்தோம். டிவி பெட்டிக்குள் அடைத்து வருமே, அந்த வெள்ளை ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு பட்டை. விரலால் அழுத்தினால் மறுபக்கம் தொடுகிறது. எண் இல்லை, முத்திரை இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை. நெஞ்சுப் பகுதியிலும் அதே கதை. வெளியே பார்க்கக் கம்பீரமாக இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தகடுகள் வலைத்துணியில் வெறுமனே தைக்கப்பட்டிருந்தன.

பிரித்த ஜாக்கெட்டோடு கடைக்குப் போனபோது அவர் தந்த பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "தோள்ல லெவல் டூ இருக்குதில்லீங்ணா? நாங்க பொய் சொல்லலியே. பிரிச்ச சரக்கை எப்படிங்ணா திருப்பி எடுக்கறது?"

இந்த ஏமாற்று எங்கே நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். முத்திரை ஜாக்கெட்டுக்கு அல்ல, ஒவ்வொரு பேடுக்கும் தனித்தனி. தோள், முழங்கை, முழங்கால் போன்ற மூட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். (EN) 1621-1. முதுகுக்கு இ.என். 1621-2. நெஞ்சுக்கு இ.என். 1621-3.  மலைச் சைக்கிளுக்கான முதுகுப் பேடுகளையும் நல்ல தயாரிப்பாளர்கள் பொதுவாக மோட்டார் சைக்கிளுக்கான இந்தத் தரத்தில்தான் சோதிக்கிறார்கள். அதனால் பேடில் பைக் ஓட்டுகிறவர் படம் இருந்தால் குழம்ப வேண்டாம், அது இருக்கத்தான் வேண்டும்.

சோதனை எளிமையானது. பேடுக்கு அடியில் விசையை அளக்கும் கருவியை வைத்து, 5 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். அதாவது 50 ஜூல் அடி. அதில் எவ்வளவு விசை பேடைத் தாண்டிக் கீழே வருகிறது என்பதுதான் கணக்கு. மூட்டுப் பேடுகளில் லெவல் 1 என்றால் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் (விசையின் அலகு, எண் குறைந்தால் நல்லது), லெவல் 2 என்றால் 20-க்குள். முதுகுப் பேடில் லெவல் 1 என்றால் 18-க்குள், லெவல் 2 என்றால் 9-க்குள். இந்த நான்கு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். தோள் பேடின் லெவல் 2, முதுகுப் பேடின் லெவல் 1 அளவைக்கூட எட்ட வேண்டியதில்லை. "லெவல் 2" என்ற சொல்லைத் தோளிலிருந்து எடுத்து முதுகுக்கும் சேர்த்து விற்பது எவ்வளவு பெரிய மோசடி என்று இதிலேயே தெரியும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது "எந்த லெவல்?" என்பதை அல்ல. "முதுகுப் பேடை வெளியே எடுங்க" என்று சொல்லுங்கள். அதன் மேலேயே இ.என். 1621-2 என்று அச்சாகியிருக்க வேண்டும். கூடவே முழு முதுகுக்கு எஃப்.பி. (FB), நடு முதுகுக்கு சி.பி. (CB), கீழ் முதுகுக்கு எல்.பி. (LB) என்ற எழுத்துகள் இருக்கும். பக்கத்தில் 1 அல்லது 2 என்று லெவல், இடுப்பிலிருந்து தோள் வரை எத்தனை சென்டிமீட்டர் உடம்புக்குப் பொருந்தும் என்ற அளவு. சில பேடுகளில் டி+ (T+) என்றும் போட்டிருக்கும். 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்தது என்று பொருள். மென்மையான பேடுகள் சூட்டில் இளகும் என்பதால் மேட்டுப்பாளையம் வெயிலில் தொடங்கி ஓட்டுகிறவர்கள் அதையும் தேடுவது நல்லது.

வெறும் "சி.இ." என்ற இரண்டு எழுத்தை நம்பாதீர்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியாக இருந்தால் அசல் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. சரியான இடைவெளியில் அச்சடிக்க யாருக்கும் தெரியும். நிறமும் அப்படித்தான். டி3ஓ (D3O) நிறுவனத்தின் பேடுகள் ஆரஞ்சு நிறத்துக்குப் பேர்போனவை என்பதால் ஆரஞ்சுச் சாயம் போட்ட சாதாரண ஸ்பாஞ்சும் விற்பனைக்கு வருகிறது. முறையாகச் சோதித்த பொருளோடு ஒரு கையேடு வரும். சோதித்துச் சான்று தந்த அமைப்பின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். 2018 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கையேடு இல்லை என்றால் அந்தப் பொருளை வாங்க வேண்டாம்.

பேடு அசலாகவே இருந்தாலும் இடத்தில் நிற்காவிட்டால் பயனில்லை. தம்பிக்கு நடந்ததில் பாதிக் காரணம் ஜாக்கெட் மேலே ஏறியதுதான். கடையில் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சைக்கிள் இறக்கும்போது நிற்பது போல முழங்காலை மடக்கி, முன்னே குனிந்து, கைகளை அகட்டி நீட்டுங்கள். கூட வந்தவரை விட்டு முதுகுப் பேடைக் கீழிருந்து மேலே தள்ளச் சொல்லுங்கள். நகர்ந்தால் அந்த அளவு வேண்டாம். இடுப்புப் பட்டை அகலமாக, இழுத்துக் கட்டும்படி இருக்க வேண்டும். தோள் பேடைப் பிடித்துத் திருகிப் பாருங்கள், மூட்டைவிட்டு விலகக் கூடாது. முழுமுக ஹெல்மெட்டையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். தலையை நிமிர்த்தும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு முதுகுப் பேடில் இடிக்கக் கூடாது. கழுத்துப் பட்டை அணிகிறவர்களுக்கு அது உட்கார இடம் வேண்டும்.

இன்னொரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். "எலும்பு உடையாது" என்று எந்த ஜாக்கெட்டைக் காட்டியும் யாரும் சொல்ல முடியாது. கையை ஊன்றி விழுந்தால் அந்த விசை கை வழியே ஏறிக் காறை எலும்பை உடைக்கும்; தோளில் எவ்வளவு தடித்த பேடு இருந்தாலும் அதைத் தடுக்காது. முதுகுத்தண்டு மடங்குவதையும் முறுக்கிக்கொள்வதையும் முதுகுப் பேடு தடுக்காது. அது தாங்குவது கல், வேர், மரம் நேராகக் குத்தும் அடியை. தம்பிக்கு விழுந்தது அந்த அடிதான் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

எங்களைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு: இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. கடைக்காரர் தானே உறுதி கொடுத்து விற்ற பொருள் அப்படி இல்லாமல் போய்க் காயம் ஏற்பட்டால், தயாரித்தவரைக் காட்டி அவர் தப்ப முடியாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் பில், அட்டை தெரியும் போட்டோ, பிரித்த பேடு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் நான்கையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். கடையிலிருந்து பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று பேசினார்கள். மறுத்துவிட்டோம்.

இதே மாதிரி முதுகுப் பக்கம் தைத்து மூடிய ஜாக்கெட் உங்களிடம் இருந்தால் அடுத்த முறை மலைக்குப் போவதற்கு முன் தையலைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இ.என். 1621-2 இல்லை என்றால் ஜாக்கெட்டையே மாற்ற வேண்டியதில்லை. பட்டையோடு தனியாக அணியும் முதுகுப் பேடு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை உள்ளே போட்டு மேலே இதை அணியலாம். பில்லில் தர எண்ணையும் லெவலையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.