லட்டுவின் காதும் பீப் போடும் மீட்டரும்: 14 மாத அனுபவம்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். அவள் பூனைக்குச் சுகர் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "உன் பூனை லட்டுவுக்குச் சுகர் பார்க்க நீ வைத்திருக்கிற மீட்டர் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு, ஆனால் வாங்காதே என்றேன். அதை விளக்குவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது.

எங்களுடையது அப்பாவுக்கு வாங்கிய சாதாரண மீட்டர். நாய், பூனைகளுக்கென்றே அளவு திருத்திய ஆல்ஃபாட்ராக் போன்றவை உண்டு. ஆனால் அவற்றின் ஸ்ட்ரிப் (இரத்தச் சொட்டை உறிஞ்சும் பட்டை) எங்கள் தெரு மருந்துக்கடையில் கிடைக்காது. மனித மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்தே காட்டும். நம் இரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள்ளும் கணிசமான சர்க்கரை இருக்கும். பூனைக்கோ ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மாவில்தான். டாக்டரிடம் எந்த மீட்டர் என்று சொல்லிவிட்டு, அதையே மாற்றாமல் பயன்படுத்தினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு முறை பார்த்து 212, 236 என்று வந்தால் பதறவும் வேண்டாம். 100க்கு மேல் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று மீட்டர்களுக்கான சர்வதேச ஐஎஸ்ஓ தரவிதியே அனுமதிக்கிறது.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். பீப்.

ஸ்ட்ரிப்பைச் செருகினால் ஒரு பீப். இரத்தம் பட்டதும் ஒரு பீப். ஐந்து விநாடி கழித்து எண் வரும்போது இன்னொரு பீப். முதல் பீப்புக்கே லட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இழுத்து வந்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதைச் சூடாக்கி, பின்னால் பஞ்சு வைத்து, ஓரத்து இரத்தக்குழாயை ஒட்டிக் குத்தினால் கடுகளவு சொட்டு வரும். (குத்துகிற ஊசியான லான்செட் மெல்லிய 30 கேஜாக இருந்தால் ஆரம்பத்தில் அதுவும் வராது, கொஞ்சம் தடித்த 28 வாங்குங்கள்.) அந்தக் கடுகை ஸ்ட்ரிப் உறிஞ்சத் தொடங்கும் நொடியில், சரியாக அவன் காதுக்குள்ளேயே இரண்டாவது பீப். தலையை ஒரு உதறு. சொட்டு என் கண்ணாடியில், திரையில் எர்ரர், இருபது ரூபாய் ஸ்ட்ரிப் குப்பையில். முதல் மாதம் மூன்றில் ஒன்று இப்படித்தான் போனது.

தேதியை மாற்றலாம், மணியை மாற்றலாம், பீப்பை மட்டும் நிறுத்த முடியாது. ஸ்பீக்கர் ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிப் பார்த்தேன். பீப் சளி பிடித்த பீப் ஆனது, அவ்வளவுதான். வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, பார்வை மங்கியவர்களுக்கு அது உதவும் என்றார்கள். கண்புரை உள்ள அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு எளிய வழி: சொட்டை என் கட்டைவிரல் நகத்தில் வழித்துக்கொண்டு, தள்ளிப் போய் ஸ்ட்ரிப்பைத் தொட்டேன். அதற்குப் பிறகு எர்ரர் அபூர்வம்.

இந்த மீட்டர் இல்லாவிட்டால் லட்டு இருந்திருக்க மாட்டான் என்பதையும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்தால் எப்போதும் 380, 400. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்களுக்கு நடுவே உட்காரவைத்தால் பயத்திலேயே பூனைக்குச் சுகர் ஏறும். வீட்டில் அதே லட்டுவுக்கு 230. அந்த 400ஐ மட்டும் நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால்? ஒரு நாள் மாலை இன்சுலின் ஊசிக்கு முன் பார்த்தபோது 64. ஊசி போடவில்லை, சாப்பாடு வைத்துவிட்டு டாக்டருக்கு போன் செய்தேன். பார்க்காமல் போட்டிருந்தால் சுகர் இன்னும் இறங்கி, ராத்திரி தேனை அவன் ஈறில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் நான் விழித்திருந்தால்தான்.

மீட்டரோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் அவளிடம் இரண்டு முறை சொன்னேன். சிவப்பு மூடி சிரிஞ்சு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. லட்டுவுக்குப் போடும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் வகை. கடைக்காரர் சிவப்பு மூடியை மாற்றிக் கொடுத்து நாமும் பார்க்காமல் ஏற்றினால் ஒரு யூனிட் இரண்டரை யூனிட்டாகிவிடும்.

அப்புறம் பீப். மூன்றாவது பீப் வந்ததும் அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுப்பது வழக்கம். நாலைந்து மாதத்தில் கணக்கு தலைகீழானது. ஸ்ட்ரிப்பைச் செருகினால் அவனே வந்து காதைக் காட்டுகிறான். விடியற்காலையில் அப்பா தன் விரலைக் குத்தினாலும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். அப்பாவுக்கு 140, லட்டுவுக்குக் கோழி.

போன மாதம் மீட்டரின் பேட்டரி மூடி உடைந்தது. பீப்பை அணைக்க முடிகிற புதியது ஒன்று வாங்கினேன். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. தோழியிடமும் அதையே வாங்கச் சொன்னேன், ஆரம்பத்தில் ஸ்ட்ரிப் மிச்சம்.

ஆனால் புதியதைக் கையில் எடுத்தால் லட்டு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பழைய மீட்டரின் மூடிக்குச் செல்லோடேப் ஒட்டி அடுக்களை அலமாரியில் வைத்திருக்கிறேன். காலை ஏழு, மாலை ஏழு, தேதி முடிந்த ஸ்ட்ரிப் ஒன்றை அதில் செருகுவேன். பீப் கேட்டு அவன் ஓடி வந்ததும் புதியதில் பார்ப்பேன்.