பக்கவாதத்துக்கு அக்குபஞ்சர் போகிறீர்களா? மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சித்திரை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. இடது கை, கால் விழுந்துவிட்டன. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கோரிமேடு ஜிப்மரில் சேர்ப்பதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அது எங்கள் தவறு. பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்திருந்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ரத்த அழுத்தத்துக்கு, கொழுப்புக்கு, ரத்தம் உறையாமலிருக்க என்று மாத்திரைகள் கொடுத்தார்கள். தினமும் பிசியோதெரபி. முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாகத் தேறும், விட்டுவிடாதீர்கள் என்றார்கள். ஒரே மாதத்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கைதான் வரவில்லை. அந்த ஏக்கத்தில் மாட்டினோம்.

உறவினர் ஒருவர் சொல்லி, புதுச்சேரியில் ஓர் அக்குபஞ்சர் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. 24 தடவை, 18,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார். ரசீது கேட்டால் அதுதான் ரசீதாம். பிறகு, "ஆங்கில மருந்து உடம்பில் இருக்கும்வரை ஊசி வேலை செய்யாது ஐயா. எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பயிற்சியும் வேண்டாம், உயிராற்றல் வீணாகும்" என்றார்.

நிறுத்தினோம். படித்தவன் நான், நானே நிறுத்தினேன்.

பத்தாம் நாள் தலைவலி. கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான் என்றார். மூன்றாவது வாரம், அப்பாவின் கையைக் கழுவப்போன அம்மா என்னைக் கூப்பிட்டார். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. வெந்நீரில் நனைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நகம் பதிந்த இடம் வெளுத்துப்போய், புளித்த வாடை அடித்தது. அன்று மாலை ரத்த அழுத்தம் 210/120. மறுபடியும் ஜிப்மருக்கு ஓடினோம். இன்னொரு தடவை வராமல் தப்பியது அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர்.

அக்குபஞ்சரே பொய் என்று நான் சொல்லவரவில்லை. பக்கவாதத்துக்குப் பின் அதனால் ஓரளவு பலன் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் போதாததால் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 31 ஆய்வுகளை அலசி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பு. மருந்தை விட்டுவிட்டு ஊசி மட்டும் போதும் என்று அதில் எங்கும் இல்லை. போகத்தான் வேண்டும் என்றால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எதுவும் பலிக்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அட்டையில் இன்னும் 15 கட்டங்கள் காலியாக இருக்கின்றன. பிசியோதெரபிஸ்ட் தினமும் வருகிறார்; முன்பு லேசாக விரிந்த விரல்களை இப்போது நிமிர்த்தும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொள்கிறார்.