நைல் கப்பலா, லக்சரின் மேற்குக் கரையா?

எகிப்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் கெய்ரோவையும் பிரமிடுகளையும் எளிதாக முடிவு செய்துவிடுவார்கள். குழப்பம் தெற்கே போகும்போதுதான் வரும். லக்சரில் கப்பலேறி மூன்று, நான்கு இரவுகளில் அஸ்வானில் இறங்கலாம். அல்லது அதே இரவுகளை லக்சரின் மேற்குக் கரையில் ஒரு சின்ன விடுதியில் கழிக்கலாம். பண்டைய வரலாறு மட்டுமல்லாமல் இன்றைய மக்களின் வாழ்க்கையும் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் மேற்குக் கரையைத்தான் சொல்வேன்.

முதலில் கப்பலுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். சாப்பாடு, வழிகாட்டி, வண்டி எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. வழியில் உள்ள கோயில் ஊர்களான எட்ஃபுவும் கோம் ஓம்போவும் சிரமமில்லாமல் கிடைக்கும். எட்ஃபுவில் உள்ள ஹோரஸ் கோயிலை கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடித்தார்கள். நெடுங்காலம் மணலில் புதைந்து கிடந்ததால் இன்றும் கூரையோடு நிற்கிறது. கோம் ஓம்போவில் இரண்டு தெய்வங்களுக்கு இரண்டு கருவறைகள். அதில் ஒருவர் முதலைத் தலை கொண்ட சோபெக். பக்கத்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்தப்பட்ட முதலைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வயதான பெற்றோருடன் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கப்பல்தான்.

குறை நேரத்தில் இருக்கிறது. கப்பல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரை சேர்வதால் கோயிலுக்குள் எல்லாக் குழுக்களும் ஒன்றாக நுழைகின்றன. லக்சருக்கு ஒதுக்குவது ஒன்று, ஒன்றரை நாள். மன்னர்களின் பள்ளத்தாக்கு, ஹட்செப்சுட் அரசியின் கோயில், மெம்னோன் சிலைகள் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும். பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி என்ற மன்னர்களின் கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு. கூட வந்தவர்கள் வண்டியில் காத்திருக்கும்போது சேத்தியின் கல்லறைச் சுவர்களை நிதானமாகப் பார்க்க முடியுமா?

மேற்குக் கரையில் தங்கினால் அந்த அவசரம் இல்லை. குழுக்கள் அதிகம் எட்டிப் பார்க்காத தேர் எல் மெதினாவுக்கு ஒரு காலைப் பொழுதையே கொடுக்கலாம். மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்களும் அவற்றுக்கு வண்ணம் தீட்டியவர்களும் வாழ்ந்த ஊர் அது. வீடுகளின் அடித்தளங்கள் தெருவோடு அப்படியே இருக்கின்றன. சென்னெஜெம் என்ற தொழிலாளி தனக்காக அமைத்துக்கொண்ட சிறிய கல்லறையில், அவரும் மனைவியும் மறுமையில் உழுது அறுவடை செய்யும் ஓவியம் நேற்று தீட்டியதுபோல் இருக்கிறது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலியாக வர வேண்டிய தானியம் வராததால் இந்த ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். எழுத்தில் பதிவாகியுள்ள வேலைநிறுத்தங்களில் மிகப் பழையது அதுதான். பதிவான பாப்பிரஸ் சுவடி இப்போது இத்தாலியின் டுரின் நகரில் இருக்கிறது. தேர் எல் மெதினாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அதே மன்னர் கட்டிய மெதினெத் ஹபு கோயில். பிரமாண்டமான அந்த வெற்றிச் சிற்பங்களை, கூலி கிடைக்காதவர்களின் ஊரைப் பார்த்த கையோடு பார்ப்பது வேறு அனுபவம்.

சரி, மக்கள் பழக்கவழக்கம்? கிழக்குக் கரைக்குப் போக உள்ளூர்ப் படகு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஏறும் படகு அது. இறங்கினால் லக்சர் கோயில் பக்கம்தான். கோயிலுக்குள்ளேயே அபு எல் ஹக்காக் மசூதி இருக்கிறது, இன்றும் தொழுகை நடக்கிறது. மசூதியின் பழைய வாசல் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரியும். அதைக் கட்டியபோது மண்மட்டம் அவ்வளவு உயரத்தில் இருந்தது. ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில் அபு எல் ஹக்காக் என்ற அந்த இறைநேசருக்குப் பெருவிழா நடக்கும். ஊர்வலத்தில் படகுகளை இழுத்துச் செல்வார்கள். அமுன் தெய்வத்தைப் படகில் வைத்துக் கர்னாக்கிலிருந்து லக்சருக்குக் கொண்டுவந்த பழைய ஒபெத் விழாவின் சாயலைப் பலர் இதில் காண்கிறார்கள். தேதி ஒத்துவந்தால் பயணத்தையே இதற்காக மாற்றலாம். ரமலானிலேயே போகிறீர்கள் என்றால் பார்வை நேரம் குறையலாம், பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதைத் தவிர்ப்பது மரியாதை.

கப்பலில் அன்பளிப்பைப் பெரும்பாலும் கடைசியில் ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம். கரையில் தங்கினால் தினமும் பக்ஷீஷ் (அன்பளிப்புக் காசு) கேட்பார்கள், சில்லறை நோட்டு கையில் இருக்க வேண்டும். ஆனால் கோயில் நுழைவுச்சீட்டுக்குப் பல இடங்களில் அட்டைதான் செல்லும், இரண்டும் எடுத்துச் செல்லுங்கள். கடையில் விலை பேசுமுன் ஸலாம் சொல்வது வழக்கம், டீ வந்தால் வாங்கிக் குடியுங்கள். தோளும் முழங்காலும் மறைகிற பருத்தி உடை வெயிலுக்கும் ஊருக்கும் பொருந்தும். சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை: ஃபூல், தாமியா, கொஷாரி என்று பயறும் பருப்பும் சோறுமாகக் கிடைக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. செங்கடல் கரையில் குசேர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு பாலைவனம் தாண்டி லக்சருக்குச் சற்று வடக்கே உள்ள கிஃப்த் என்ற ஊரில்தான் நைலை அடைந்தது. கப்பல் தெற்கே போவதால் அந்தப் பக்கம் திரும்பாது. லக்சரில் தங்கினால் கார் பிடித்துப் போகலாம்.

இரண்டையும் விட மனமில்லையா? அஸ்வானில் ஏறி லக்சரில் இறங்கும் கப்பலாகப் பாருங்கள். ஃபிலே, அபு சிம்பல் கோயில்களை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். லக்சரில் இறங்கியதும் விமான நிலையத்துக்கு ஓடாமல் மேற்குக் கரையில் இரண்டு இரவாவது தங்குங்கள். அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.