வடிகஞ்சியில் பாஸ்போபாக்டீரியா: மூன்று வருட அனுபவம்

நெல்லிக்குப்பம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர். உளுந்தும் மல்லாட்டையும் (நிலக்கடலை) மாறி மாறிப் போடுவேன். மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கும் உயிர் உரம் பாஸ்போபாக்டீரியா. மூன்று வருடமாக அதை வீட்டிலேயே பெருக்குகிறேன். அதற்குத் தீனி, கடலூரில் ஒரு மெஸ்ஸில் தினமும் சாக்கடையில் ஊற்றும் வடிகஞ்சி.

நமக்குக் கிடைக்கும் பாஸ்போபாக்டீரியா பெரும்பாலும் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகை. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதியை அதுவே சுரக்கும் என்பதால் கஞ்சி அதற்கு ஒத்துப்போகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்துக்கு அது முடியாது, கஞ்சியில் விட்டு வீணாக்க வேண்டாம்.

முதல் வருடம் காலையில் வடித்ததைச் சாயங்காலம் போய் எடுத்தேன். மறுநாள் புளித்த வாடை. புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்தால் 4 காட்டியது, அதாவது நல்ல புளிப்பு. மெஸ் அக்காதான் சொன்னார்: "அண்ணா, கொதிக்கக் கொதிக்கப் புடிச்சிட்டுப் போங்க. ஆறவிட்டா புளிக்கத்தானே செய்யும்?" அன்றிலிருந்து கழுவிக் காயவைத்த எவர்சில்வர் பால் கேனில் ஆவி பறக்கப் பிடித்து, உடனே மூடி எடுத்து வருகிறேன். பெரிய மாற்றம் அதில்தான் வந்தது.

கஞ்சியில் தழைச்சத்து குறைவு. 20 லிட்டருக்கு 200 கிராம் கடலைப் புண்ணாக்கை வேகவைத்து வடிகட்டிச் சேர்க்கிறேன், கூடவே 200 கிராம் வெல்லம். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியபின் 200 மில்லி தாய்த் திரவம், அதாவது பாட்டிலில் வாங்கும் பாஸ்போபாக்டீரியா. மீன் தொட்டி மோட்டார் வைத்து இரண்டு நாள் காற்று விடுவேன். மின்சாரம் நின்று காற்று தடைப்பட்டால் வாடையிலேயே தெரிந்துவிடும்.

காசு மிச்சம் என்று நான்கு தடவை பழைய திரவத்திலிருந்தே அடுத்ததை ஊட்டினேன். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால், கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டில் பாதிக்கு மேல் வேறு கிருமிகள். விற்கும் திரவ உயிர் உரத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி உயிரணு இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை மட்டும் இருந்து என்ன பயன், நாம் விட்ட கிருமி அதில் இருக்க வேண்டாமா? இப்போது ஒவ்வொரு முறையும் புதுப் பாட்டில்தான். மூன்று நாளுக்குள் தொழுவுரத்தில் கலந்து சாயங்காலம் தூவிவிடுகிறேன்.

விளைச்சல் இரட்டிப்பானது என்று சொல்ல மாட்டேன். உளுந்தில் வேர் நன்றாக இறங்குகிறது, பாட்டில் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் தொழுவுரம் போடாத மேட்டுப் பகுதியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சரி, கஞ்சி வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: உலையில் உப்பு போடுகிறார்களா? போடுகிற கடையை விட்டுவிடுங்கள். பாலைத் திரித்துப் பனீர் வடித்த நீரையும் கஞ்சிக்குப் பதிலாக இந்தப் பட்டத்தில் பயன்படுத்திப் பார்த்தேன். புளிப்பைச் சுண்ணாம்பு போட்டுக் குறைத்தும் வளர்ச்சி மந்தமாகத்தான் இருந்தது.