நிலத்தடிக் குழாய் ஏசி: கொழிஞ்சாம்பாறை மண்ணில் எந்த அமைப்பு தாங்கும்?

ஏசியின் சூட்டை வெளிக்காற்றில் விடாமல் தண்ணீர்க் குழாய் வழியே மண்ணுக்குள் இறக்கும் அமைப்பு இது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் ஆழத்து மண் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெளியே 38 டிகிரி அடிக்கும்போது நல்ல லாபம்தான். ஆனால் ஈரமண்தான் சூட்டைச் சீக்கிரம் வாங்கும். இங்கே ஏசி அதிகம் ஓடும் மாதத்தில்தான் மண்ணும் காய்கிறது.

அதனால் 5 அடிப் பள்ளத்தில் சுருள் குழாய் படுக்கவைப்பது, செலவு குறைவென்றாலும், கரிசலுக்கு வேண்டவே வேண்டாம். பங்குனியில் நிலம் வெடிக்கும். குழாயைச் சுற்றிக் காற்று புகும். திரும்பி வரும் தண்ணீர் 40 டிகிரியைத் தொட்டால் கம்ப்ரஸர் கரண்டைத் தின்னும், ஹை பிரஷரில் ட்ரிப்பும் ஆகும்.

செங்குத்துப் போர்தான் நம்பகமானது. 1 டன் ஏசி வெளியே தள்ளும் சூடு ஏறக்குறைய 4.3 கிலோவாட். மீட்டருக்கு 50 வாட் என்ற பொதுக்கணக்கில் 280 அடி போதும். மண்ணிலிருந்து சூட்டைத் திரும்ப எடுக்காமல் ஏசிக்கு மட்டும் என்றால் 350 அடி வைப்பதே பத்திரம். ஆறரை அங்குலப் போரில் 32 மி.மீ. பிஇ100 (கெட்டியான பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) யு-குழாய், அதாவது அடியில் வளைந்து மேலே திரும்பும் குழாய், போருக்குப் போர் 20 அடி இடைவெளி. குழாயில் தண்ணீர் நிரப்பி, அடியில் எடை கட்டித்தான் இறக்க வேண்டும். வெறுங்குழாய் போர்த் தண்ணீரில் மிதக்கும்.

கோளாறு பெரும்பாலும் போரை அடைப்பதில்தான், அதாவது குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்புவதில். ஸ்வீடனில் பாறைப் போரை அடைக்காமல் நிலத்தடி நீரையே நிற்க விடுகிறார்கள். இங்கே அதை அப்படியே செய்தால், கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க மேல்பாதி வெறும் காற்றாகிவிடும். பென்டோனைட் (நீரில் ஊதும் களிமண்) மட்டும் போட்டாலும் காய்ந்து சுருங்கி விரிசல் விடும். சிமெண்ட்டோடு நைசான குவார்ட்ஸ் மணல் சேர்த்து, தனிக் குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் நடுவில் வெற்றிடம் விழும், பிறகு அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. அடைப்பதற்கு முன்னும் பின்னும் பிரஷர் டெஸ்ட் கட்டாயம்.

வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் கிணறு இருந்தால் போரே வேண்டாம். டன்னுக்கு 300 அடிக் குழாயைச் சுருளாக, சேற்றில் படாமல் 2 அடி உயர்த்தி இறக்கலாம். கோடை நீர்மட்டத்துக்குக் கீழேயே சுருள் முழுவதும் இருக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு தெர்மாமீட்டர் போதும். டன்னுக்கு நிமிடம் 12 லிட்டர் ஓடினால் போகும் தண்ணீருக்கும் வரும் தண்ணீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருக்கும். அது 8 ஆனால் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைப்பு அல்லது ஏர்லாக் (குழாயில் காற்று சிக்குவது). வித்தியாசம் 5-லேயே இருந்து, இரண்டு தண்ணீரின் சூடும் வருஷா வருஷம் ஏறினால் மண் சூடேறுகிறது. குளியல் வெந்நீரை அந்தச் சூட்டிலேயே எடுங்கள், போதாவிட்டால் இன்னொரு போர் போடுங்கள்.