ஏ.சி.எல்.எஸ்ஸா ஏ.எல்.எஸ்ஸா? சுங்கை சிப்புட்ல இருந்து கோர்ஸ் புக் பண்றவங்களுக்கு

ஏ.சி.எல்.எஸ், ஏ.எல்.எஸ் ரெண்டுமே இதயம் நின்னு போன நோயாளியை மருந்து, ஷாக் எல்லாம் வச்சு காப்பாத்தச் சொல்லித் தர்ற கோர்ஸ்தான். நம்ம மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் கிளினிக்லயும் டயாலிசிஸ் சென்டர்லயும் வேலை செய்ற மிஸ்ஸிங்க (நர்ஸுங்க), எம்.ஏங்க (மெடிக்கல் அசிஸ்டெண்ட்), புதுசா வந்த டாக்டருங்க எல்லாரும் கேக்குறது இதுதான், இதுல எந்த கோர்ஸ் எடுக்குறது, எங்க புக் பண்றது. என்னைக் கேட்டா, எந்த கோர்ஸ்ல நீங்களே டீம் லீடரா நின்னு பயிற்சி கேஸ் ஓட்ட நேரம் அதிகமா கிடைக்குதோ அதுதான் நல்ல கோர்ஸ். பாஸானா கிடைக்கிற சர்டிபிகேட் கார்டுல யாரோட லோகோ இருக்குங்கறது அதுக்கு அப்புறம்தான், வெளிநாடு போறவங்களுக்கு மட்டும் அது தலைகீழ்.

முதல்ல கே.கே.எம் (சுகாதார அமைச்சு) ஆஸ்பத்திரிங்க நடத்துற ஏ.எல்.எஸ். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி நமக்கு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்தான், காலையில போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். சொல்லித் தர்றவங்க எமர்ஜென்சியிலயும் மயக்க மருந்து டிபார்ட்மெண்ட்லயும் தினமும் இதே கேஸைப் பாக்குறவங்க, நம்ம ஊர்ல கிடைக்கிற மருந்து, நம்ம ஊர் மிஷின் வச்சே பேசுவாங்க, இதுக்கு ஈடு வேற எதுவும் இல்ல. கஷ்டம் என்னன்னா ஸ்லாட். கவர்மெண்ட் ஸ்டாஃபுக்குதான் முதல் இடம், வெளியில இருந்து வர்றவங்க மிச்சம் இருந்தாதான், அதனால டிரெய்னிங் யூனிட்டுக்கு முன்கூட்டியே போன் போட்டு பேர் கொடுத்து வச்சுட்டு விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும்.

ரெண்டாவது, பிரைவேட் சென்டர்ல ஏ.எச்.ஏ ஏ.சி.எல்.எஸ். ஏ.எச்.ஏன்னா அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன், அவங்க கார்டு 2 வருஷம் செல்லும். முதல் தடவை போறவங்களுக்கு வழக்கமா 2 நாள். செலவு அதிகம், அதுவும் கே.எல்ல போட்டா ரூம் வாடகையும் சேரும், இ.டி.எஸ் ரயில் நம்ம ஸ்டேஷன்லயே நிக்குதுங்கறது ஒரு நிம்மதி. ஆனா தேதி நிறைய இருக்கும், பணம் கட்டுனா இடம் உறுதி. வளைகுடா நாட்டுல வேலை தேடுறவங்ககிட்ட பெரும்பாலும் கேக்குறது இந்தக் கார்டைத்தான். யு.கே போறவங்களுக்கு அங்க இருக்குற ரிசஸிட்டேஷன் கவுன்சிலோட ஏ.எல்.எஸ்தான் பழக்கம், அது 4 வருஷம் செல்லும், அதனால அங்க போறதுன்னு முடிவானவங்க இங்க அவசரப்பட்டு பணத்தைக் கொட்ட வேண்டாம், உங்களை வேலைக்கு எடுக்குற ஆஸ்பத்திரிகிட்ட ஒரு ஈமெயில்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மூணாவது ஹார்ட்கோட், இதுவும் ஏ.எச்.ஏவோடதுதான். பாடத்தையும் பரீட்சையையும் கம்ப்யூட்டர்ல வீட்லயே முடிச்சுட்டு, ஸ்கில்ஸுக்கு மட்டும் சென்டருக்குப் போறது. கடைசியில கிடைக்கிற கார்டு அதேதான். கார்டு புதுப்பிக்கிறவங்களுக்கு, சின்னப் பிள்ளை வச்சிருக்கறவங்களுக்கு, ஒரே மிஸ்ஸி உள்ள கிளினிக்குக்கு இது ரொம்ப நல்ல வழி. முதல் தடவை போறவங்க இதை எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா மானிட்டர்ல வி.எஃப் (இதயம் தாறுமாறா துடிக்கிற, ஷாக் கொடுக்க வேண்டிய ரிதம்) ஓடுறப்ப பக்கத்துல நாலு பேர் உங்க வாயையே பாத்துட்டு நிக்கிற பதட்டம் லேப்டாப்ல வராது.

முழுக்க முழுக்க ஆன்லைன்ல, மானிக்கின்ல (பயிற்சி பொம்மையில) கை வைக்காமலே சர்டிபிகேட் தர்றோம்னு மலிவா விளம்பரம் வரும், அதை விட்டுடுங்க. ஏ.எச்.ஏ கார்டுன்னா நேர்ல ஸ்கில்ஸ் செஞ்சு காட்டாம கிடைக்கவே கிடைக்காது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். அமெரிக்க (ஏ.எச்.ஏ) வழிக்கும் ஐரோப்பா ரிசஸிட்டேஷன் கவுன்சில் வழிக்கும் அடிப்படை ஒண்ணுதான், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 கம்ப்ரஷன் (நெஞ்சை அமுக்குறது), 5ல இருந்து 6 சென்டிமீட்டர் ஆழம், அட்ரினலின் 1 மில்லிகிராம் 3ல இருந்து 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அமியோடரோன் 300 மில்லிகிராம் மூணாவது ஷாக்குக்கு அப்புறம். ஆனா ஷாக் கொடுக்குற ரிதம்னா முதல் அட்ரினலினை ஏ.எச்.ஏல ரெண்டாவது ஷாக்குக்கு அப்புறம் போடுவாங்க, ஐரோப்பால மூணாவதுக்கு அப்புறம். இதயத்துடிப்பு கம்மியானா ஏ.எச்.ஏல அட்ரோபின் 1 மில்லிகிராம், 2020லதான் 0.5ல இருந்து ஏத்துனாங்க, ஐரோப்பால இன்னும் 0.5தான். ரெண்டுமே சரிதான், ஆனா ஒரே ரூம்ல டாக்டர் ஒரு வழி, மிஸ்ஸி ஒரு வழின்னு படிச்சுட்டு வந்தா "இப்ப போடவா வேணாமா"ன்னு கேட்டுக்கிட்டே நிக்கறதுல போற வினாடி எல்லாம் அந்த நோயாளியோடது. அதனால ஒரு கிளினிக்ல எல்லாரும் ஒரே வழி கோர்ஸ் எடுங்க, முடிஞ்சா ரெண்டு ரெண்டு பேரா ஒரே பேட்ச்ல போங்க. தனியாப் போனவர் திரும்பி வந்து ஆர்டர் சொன்னா மத்தவங்களுக்கு அந்தப் பேச்சே புரியாது. லீடர் "அட்ரினலின் 1 மில்லிகிராம் போடுங்க"ன்னு சொன்னதும் போடுறவர் அதையே திருப்பிச் சொல்லி, போட்டு முடிச்சதும் "போட்டாச்சு"ன்னு குரல் கொடுக்கணும், இதை எல்லாரும் வாயால பழகியிருந்தாதான் நடக்கும்.

டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. பொட்டாசியம் ஏறி இதயம் நிக்கிற கேஸ் உங்களுக்குதான் வரும், அதை மெகாகோட்ல (நீங்க லீடரா நின்னு முழு கேஸ் ஓட்டுற பகுதியில) ஓட்டச் சொல்லி டிரெய்னர்கிட்ட நீங்களே கேளுங்க, கால்சியம் எப்ப, எவ்வளவுன்னு அங்கேயே கேட்டு மனசுல ஏத்திக்கிட்டு வாங்க. நல்ல டிரெய்னர் சந்தோஷமா செய்வார்.

எஸ்டேட் கிளினிக்ல மானிட்டரும் இல்ல, டிஃபிப்பும் (ஷாக் கொடுக்குற மிஷினும்) இல்லன்னா ஏ.சி.எல்.எஸ்ஸுக்கு முன்னாடி பி.எல்.எஸ்ஸை (அடிப்படை உயிர்காப்பு கோர்ஸை) எல்லாருக்கும் எடுத்து வைங்க, ரெஜிஸ்டர்ல இருக்கற அக்கா, டிரைவர் உட்பட. ஒரு ஏ.இ.டியும் வாங்குங்க, அது ரிதத்தைத் தானே பாத்து ஷாக் கொடுக்கச் சொல்ற சின்ன மிஷின். ரெஜிஸ்டர்ல இருக்கற அக்கா, டிரைவர் உட்பட. 999க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உயிரைப் பிடிச்சு வைக்கிறது விடாத கம்ப்ரஷனும் அந்த ஏ.இ.டியும்தான்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி சென்டர்கிட்ட கேக்க வேண்டியது சிலது இருக்கு. 2025 அக்டோபர்ல ஏ.எச்.ஏவும் ஐரோப்பாக்காரங்களும் புது கைட்லைன் விட்டாங்க, நீங்க தர்ற புத்தகம் அதுவா பழசான்னு கேளுங்க. ஒரு டிரெய்னருக்கு எத்தனை பேர்னு கேளுங்க, 6 பேருக்கு மேல போனா உங்களுக்கு லீடர் சான்ஸ் குறையும். சி.பி.டி (தொடர் கல்வி) பாயிண்ட் உண்டா, எத்தனை? ஏ.பி.சி (வருஷா வருஷம் எடுக்குற தொழில் லைசன்ஸ்) புதுப்பிக்கறப்ப அது வேணும். முதலாளி ஹெச்.ஆர்.டி கார்ப்புக்கு (ஸ்டாஃப் பயிற்சிக்கான நிதி அமைப்பு) லெவி கட்டுறவரா இருந்தா கோர்ஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே கிராண்ட் அப்ளை பண்ணச் சொல்லுங்க, முடிஞ்சப்புறம் கேட்டா கிடைக்காது. தேதி மாத்துனா டெப்பாசிட் என்ன ஆகும்னு எழுத்துல வாங்குங்க, தீபாவளி வாரத்துல ரோஸ்டர் எப்படி ஆடும்னு நமக்குத் தெரியாதா.

புக் ஆனதும் மேனுவலை உடனே வாங்கிப் படிக்க ஆரம்பிங்க. ஏ.எச்.ஏ கோர்ஸ்னா முன்னாடியே ஆன்லைன்ல ஒரு செல்ஃப் அசெஸ்மெண்ட் இருக்கும், அதுல 70 சதவீதம் வேணும், கடைசிப் பரீட்சையில 84. ஈ.சி.ஜி பகுதியில மார்க் குறைஞ்சா கோர்ஸ் நாளுக்கு முன்னாடியே சீனியர்கிட்ட உக்காந்து ரிதம் பாருங்க, அந்த ரெண்டு நாள்ல ரிதம் கத்துக்க நேரமே இருக்காது, நேரா கேஸ்தான் ஓடும்.