கோடு போடவா, கழித்துத் தள்ளவா?

“எந்த மெத்தட்ல போடட்டும் மிஸ்?” இரு மாறிகள் கொண்ட நேரியச் சமன்பாடுகள் பாடம் வந்துவிட்டால் போதும், கோத்தகிரியில் என்னிடம் டியூஷன் வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கேட்பது இதைத்தான். பாடத்தில் நான்கு வழி இருக்கிறது: வரைபடம், பிரதியிடல் (ஒரு மாறியை இன்னொன்றால் எழுதி அடுத்த சமன்பாட்டில் போடுவது), நீக்கல் (சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியைத் தள்ளுவது), குறுக்குப் பெருக்கல். கேள்வித்தாளே முறையைச் சொல்லிவிட்டால் வேறு பேச்சில்லை. சொல்லாவிட்டால் அநேகமாக எல்லோரும் நீக்கலுக்குத்தான் ஓடுவார்கள். வரைபடம் என்றால் ஸ்கேல் தேட வேண்டும், பென்சில் சீவ வேண்டும். ஐப்பசி மழையில் நமுத்துப்போன கிராஃப் தாளில் ரப்பரை வைத்தால் தாளே பிய்ந்து வரும். ‘அளவுத்திட்டம்’ எழுத மறந்தால் அதற்கும் மார்க் போகும்.

விடை மட்டும் போதுமென்றால் அவர்கள் பக்கம்தான் நியாயம். 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் மகாவீரர் எழுதிய கணிதசார சங்கிரகத்தில் ஒரு கணக்கு உண்டு. 1912-ல் சென்னையில் ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்த நூல் அது. 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் சேர்ந்து 107. 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றும் என்ன விலை? இரண்டையும் கூட்டினால் பதினாறு பதினாறாக 208, அதாவது ஒரு நாரத்தையும் ஒரு விளாம்பழமும் 13. கழித்தால் இரண்டுக்கும் விலை வித்தியாசம் 3. நாரத்தை 8, விளாம்பழம் 5. பேனாவைக் கீழே வைக்கலாம். இதையே கோடு போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் கோடு ஓர் அச்சில் 11.89 பக்கத்திலும் இன்னோர் அச்சில் 15.29 பக்கத்திலும் போய் நிற்கும். அதை எந்தச் சின்னக் கட்டத்தில் குறிப்பது?

பிரதியிடல் நல்ல முறைதான், ஏதாவது ஒரு கெழு (மாறிக்கு முன்னால் நிற்கும் எண்) 1 ஆக இருக்கும்வரை. இல்லையென்றால் இரண்டாவது வரியிலேயே பின்னம் வந்து கழுத்தைப் பிடிக்கும். குறுக்குப் பெருக்கலை நான் பரீட்சைக்காக மட்டுமே சொல்லிக்கொடுக்கிறேன். அம்புக்குறியை மனப்பாடம் செய்கிறவர்கள் ஒரு கழித்தல் குறியில் தவறுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஆக, உண்மையான போட்டி நீக்கலுக்கும் வரைபடத்துக்கும்தான். இதில் வரைபடத்தின் பலமும் பலவீனமும் ஒரே கணக்கில் தெரிந்த நாள் ஒன்று உண்டு. பையன் ஒருவனை அழைத்துப்போக வந்த அவன் அப்பா, கேரட் விவசாயி, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “டீச்சர், மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை ஏத்த ரெண்டு வண்டிக்காரங்க ரெண்டு விதமா ரேட் சொல்றாங்க. இந்தக் கணக்குல அது வருமா?” வரும். எண்களை உருட்டிக்கொண்டோம். முதல் வண்டிக்கு வாடகை 500, மூட்டைக்கு 12. இரண்டாவதற்கு 600, மூட்டைக்கு 10.

நீக்கலில் இரண்டே வரி. 50 மூட்டையில் இரண்டும் 1,100 ரூபாய். பையன் அதற்கு அடிக்கோடு போட்டுவிட்டான். அப்பாவுக்கு அது விடையே இல்லை. “ஐம்பதுக்குக் கம்மின்னா எது, ஜாஸ்தின்னா எது?” கோடு போட்டதும் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. வெட்டுப்புள்ளிக்கு இடப்பக்கம் முதல் வண்டியின் கோடு கீழே ஓடுகிறது, வலப்பக்கம் இரண்டாவதன் கோடு கீழே. கீழே ஓடுகிற கோடு மலிவு, அவ்வளவுதான்.

ஆனால் அதே தாளில் பையனுக்கு வந்த விடை 55. ஒரு செ.மீ.க்கு 10 மூட்டை, ஒரு செ.மீ.க்கு 100 ரூபாய் என்று அளவுத்திட்டம் சரியாகத்தான் வைத்திருந்தான். ஒரு கோட்டை ஒரே ஒரு மி.மீ. மேலே போட்டுவிட்டான். இந்தக் கோடுகள் ஒவ்வொரு செ.மீ.க்கும் 2 மி.மீ.தான் நெருங்குகின்றன. அதனால் ஒரு மி.மீ. பிசகு வெட்டுப்புள்ளியை அரை செ.மீ. தள்ளிவிடுகிறது, அரை செ.மீ. என்றால் 5 மூட்டை. இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள கோணம் சுமார் 5 டிகிரி. நம் மலை ரயில் கல்லாறைத் தாண்டி, பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் 12-க்கு 1 என்ற சாய்வும் கிட்டத்தட்ட அதே 5 டிகிரிதான். ரயிலுக்கு அது செங்குத்து, பென்சிலுக்கு அது மயிரிழை. சாய்வுகள் இப்படி ஒட்டி ஒட்டி வந்தால் எண்ணை நீக்கலில் எடுங்கள். கோட்டிலிருந்து எண்ணைப் படிக்காதீர்கள்.

இன்னொரு பிள்ளை 2x + 3y = 6, 4x + 6y = 18 என்ற கணக்கை நீக்கலில் போட்டு, கடைசியில் 0 = 6 வந்ததும் பயந்துபோய் முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டாள். அவள் போட்டது அத்தனையும் சரி. தீர்வு இல்லை என்பதைத்தான் அந்த வரி சொன்னது. அவளுக்கு அது தப்புக் கணக்காகத் தெரிந்தது. வரைந்திருந்தால் இரண்டு இணைகோடுகள், சந்திக்கவே போவதில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். அதனால் இப்போதெல்லாம் கணக்கின் ஓரத்தில் கையாலேயே ஒரு கோணல்மாணல் படம் போடச் சொல்கிறேன். ஸ்கேல் வேண்டாம், சாய்வு தெரிந்தால் போதும். பத்தாம் வகுப்பில் மாறி மூன்றாகிவிடும். அப்போது கோடெல்லாம் தளமாகிவிடுவதால் தாளில் ஒன்றும் செய்வதற்கில்லை, நீக்கல்தான் கதி.

‘சமம்’ என்பதற்குப் பதில் ‘இதற்கு மிகாமல்’ (≤) என்று வரும் அசமன்பாடுகள் வந்தால் நிலைமை தலைகீழ். 50 சென்ட் நிலத்தில் x சென்ட் கேரட், y சென்ட் பூண்டு என்று வையுங்கள். x + y ≤ 50. கேரட்டுக்கு சென்ட்டுக்கு 2 ஆள், பூண்டுக்கு 4 ஆள், கிடைப்பது 140 ஆள் என்றால் x + 2y ≤ 70. நீக்கலைக் கேட்டால் (30, 20) என்று ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது நல்ல புள்ளியா, மோசமான புள்ளியா என்று அதற்குத் தெரியாது. வரைபடத்தில் (0, 0), (50, 0), (30, 20), (0, 35) என்று நான்கு மூலைகளோடு ஒரு வயலே எழும்பி நிற்கும். எந்தப் பக்கம் நிழலிடுவது என்ற குழப்பத்துக்கு ஆதிப்புள்ளியைப் போட்டுப் பார்த்தால் போதும். கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் மட்டும் வேறு புள்ளி எடுக்க வேண்டும்.

சென்ட்டுக்கு லாபம் கேரட்டில் 300, பூண்டில் 500 என்றால் மூலைகளில் வருவது 0, 15,000, 19,000, 17,500. (30, 20) ஜெயிக்கிறது. மூலைக்கு மூலை நகர்ந்து தேடும் இந்த யோசனையை, மாறிகள் எத்தனை இருந்தாலும் செல்லுபடியாகும் முறையாக 1947-ல் ஆக்கியவர் அமெரிக்கக் கணித அறிஞர் டான்ட்சிக். எங்களுக்கு அடி ஸ்கேல் போதும். ஒரே லாபம் தரும் புள்ளிகளைச் சேர்க்கும் லாபக் கோட்டின் சாய்வில் ஸ்கேலை வைத்து, சாய்வு மாறாமல் மெல்ல மேலே தள்ளினால், அது நிழலை விட்டு விலகும் கடைசி மூலைதான் விடை. பூண்டு லாபத்தை 700 ஆக்கினோம். ஸ்கேலின் சாய்வு மாறி (0, 35)-இல் போய் நின்றது, 24,500. போட்டதெல்லாம் பூண்டு, மீதி 15 சென்ட் தரிசு.

பிறகு 600 வைத்துப் பார்க்கச் சொன்னேன். தள்ளிக்கொண்டே போன பையனின் ஸ்கேல் எந்த மூலையிலும் நிற்காமல், (30, 20)-க்கும் (0, 35)-க்கும் நடுவிலிருந்த கோட்டின் மேலேயே அப்படியே படிந்துகொண்டது.

“இப்ப எங்க நிறுத்தறது மிஸ்?”

“அந்தக் கோட்டுல எங்க வேணா நிறுத்து. எங்க நின்னாலும் 21,000.”